மூலை வெள்ளை தெரியாத கட்டங்கள்

காலை பத்து மணி ஐம்பது நிமிடம். சுவர்க் கடிகாரத்தில் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்தியபோது முதலில் தெரிந்தது ஜமுனாவின் விடைத்தாள்.

சென்னையில் ஒரு கல்லூரி மண்டபம். எனக்கு முன்வரிசையில், ஒரு மேசை இடப்பக்கம் தள்ளி அவள் உட்கார்ந்திருந்தாள். தாளின் மேல்பாதியில் சின்னச் சின்னக் கறுப்புக் கட்டங்கள், ஒன்றைப் போலவே மற்றொன்று. கீழ்ப்பாதி வெறும் வெள்ளை.

"பென்சில்களைக் கீழே வையுங்கள்" என்று மேற்பார்வையாளர் அம்மாள் ஆங்கிலத்தில் சொன்னார். பென்சில்கள் மேசைமேல் விழும் ஓசை வரிசையாகக் கேட்டது. ஜமுனாவின் பென்சில் மட்டும் இன்னும் மூன்று விநாடி நகர்ந்தது. அது ஒரு கட்டத்தின் நான்காவது மூலையில் இருந்தது.

நான்கு பிரிவுகளில் இரண்டு முடிந்திருந்தன.

அமெரிக்காவில் படிக்கப் போகும் வெளிநாட்டவர் எழுத வேண்டிய ஆங்கிலத் தேர்வு அது. இப்போது பிள்ளைகள் கணினி முன் உட்கார்ந்து எழுதுகிறார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் எல்லாம் காகிதமும் பென்சிலும்தான். கேள்விகள் ஒரு புத்தகத்தில் இருக்கும், விடைகளுக்குத் தனித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு கட்டங்கள். சரியான கட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். ஓர் எழுத்துக்கூட எழுத வேண்டாம். தாள்கள் விமானத்தில் போகும், அங்கே ஒரு மெஷின் அவற்றைப் படிக்கும் என்று சொன்னார்கள்.

அமெரிக்காவில் இருந்த என் தமையனின் கடிதங்களைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அந்த வருடம் ஒரு கடிதத்தோடு இந்தத் தேர்வுக்கான இரண்டு விண்ணப்பப் படிவங்களும் வந்தன. நான் நூலகப் படிப்புக்கு அங்கே வர வேண்டும் என்பது அவன் எண்ணம். எனக்கு அதில் பெரிய ஆசை இல்லை. ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று அவன் அனுப்பிய இரண்டாவது படிவத்தைத்தான் ஜமுனாவுக்குக் கொடுத்தேன். இரண்டையும் ஒரே நாளில் தபாலில் சேர்த்ததால் அடுத்தடுத்த தேர்வு எண்கள் வந்தன.

ஒரு வாட்டி

ஜமுனா பிள்ளையார்பாளையத்துப் பெண். அவள் அப்பா முனிரத்தினம், பட்டுச் சேலைக் கரைகளுக்கு கிராஃப் போடுகிறவர். எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில். ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பள்ளி முடியும்வரை அந்த இடம் மாறவில்லை. அவர்கள் வீட்டில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் வரும். அப்பாவை அவள் நைனா என்று கூப்பிடுவாள்.

சென்னையில் விடுதியில் தங்கி வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தாள். சாயங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் அவளுக்கு இடமும் உதவித்தொகையும் தருவதாக எழுதியிருந்தது. ஒரே நிபந்தனை, இந்த ஆங்கிலத் தேர்வில் அவர்கள் கேட்கும் மதிப்பெண்.

வீட்டில் வேறொரு விஷயம் காத்திருந்தது. அவள் அம்மாவின் அண்ணன் மகன் தயாளன், ஐயம்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். முறை மாப்பிள்ளை. ஜமுனா படிப்பை முடிக்கட்டும் என்று மாமன் வீட்டில் ஒரு வருடமாகப் பொறுத்திருந்தார்கள். படிவம் வந்த வாரம், பேச்சை முடித்துவிட வேண்டும் என்று எல்லாரும் கூடினார்கள். நானும் கூடத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

ஜமுனாதான் பேசினாள். "ஒரு வாட்டி எழுதறேன். பாஸானா போறேன். இல்லேன்னா தை மாசம் நீங்க சொல்றத கேக்கறேன்."

அம்மா அவள் முகத்தையே பார்த்தார். "அப்புறம் இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டின்னு வந்து நிக்கக்கூடாது."

"வரமாட்டேன்."

வாசற்படியில் நின்றிருந்த தயாளன், "பரீட்சையில தோத்தாதான் எனக்குக் குடுப்பீங்களா? நல்ல மரியாதைபா இது" என்றார். கூடமே சிரித்தது. ஜமுனாவும் சிரித்தாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வருடம் பொறுத்த அண்ணன் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

பேச்சு கேட்கப் போனது

தேர்வின் முதல் பிரிவு, ஒலிநாடாவில் பேசுவதைக் கேட்டு விடை குறிப்பது. பேசுகிறவர்கள் அமெரிக்கர்கள். எங்கள் ஊரில் எங்கள் வயதில் யாரும் அமெரிக்கர் பேசிக் கேட்டதில்லை. வானொலியில் வரும் ஆங்கிலச் செய்தி டெல்லிக்காரருடையது.

அதனால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பெருமாள் கோயிலுக்குப் போய் நூற்றுக்கால் மண்டபத்தருகே நின்றோம். கல் சங்கிலியைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வருவார்கள். ஒரு தம்பதிக்குப் பின்னால், குளத்தைச் சுற்றி, முக்கால் மணி நேரம் நடந்தோம். அவர்கள் நின்றால் நாங்களும் நின்று தூணைப் பார்ப்போம்.

"இன்னாடி பேசறாங்க? ஒரு வார்த்தை புரியலையே" என்றாள் ஜமுனா.

எனக்கும் புரியவில்லை. இரண்டு பேர் முகத்திலும் கலவரம். கடைசியில் வழிகாட்டியைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்றார் அவர். "நம்ம கிட்ட மட்டும்தான் இங்கிலீஷு. அவங்களுக்குள்ள அவங்க பாஷைம்மா."

ஜமுனா கோபுர வாசல்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். "நல்லவேளை. நான் ஐயம்பேட்டைக்கே போயிடலாம்னு நெனச்சேன்."

மெஷின் கேட்காது

விண்ணப்பத்தோடு ஒரு சிறு புத்தகம் வந்தது. அதில் விடைத்தாளின் ஒரு பகுதியை அச்சிட்டிருந்தார்கள். கட்டத்தை முழுவதும் கறுப்பாக்குக, கோட்டுக்கு வெளியே போகாதே என்று அதன் கீழே எழுதியிருந்தது.

அதைப் பார்த்ததும் அந்த வீட்டில் எல்லாருக்கும் தெம்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

காரணம் இது. சேலைக் கரையில் வரவேண்டிய மயிலோ மாங்காயோ முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக இறங்கும். நிரப்பிய ஒரு கட்டத்துக்கு அட்டையில் ஒரு துளை. தறியின் மேலிருக்கும் மெஷினில் அந்த அட்டை ஏறும்போது, துளை இருக்கும் இடத்தில் ஓர் இழை மேலே எழும்பும். ஒரு கட்டம் தவறினால் அந்தத் தவறு கரை நெடுக, மயிலுக்கு மயில், திரும்பத் திரும்ப வரும். ஜமுனா பத்து வயதிலிருந்து அப்பாவுக்குக் கட்டம் நிரப்பிக் கொடுத்தவள்.

நைனாவுக்கு இதில் ஒரே ஒரு விதி. மூலையில் வெள்ளை தெரியக் கூடாது. பாதி நிரம்பிய கட்டத்தை, அட்டை குத்துகிறவர் ஒரு நாள் நிரம்பியது என்பார், மறுநாள் காலி என்பார்.

இருவரும் கூடத்தில் உட்கார்ந்து பழகினோம். என் தாளைப் பார்த்து ஜமுனா தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னாடி இது, கோழி கிளறின மாதிரி? வெள்ளை தெரியுது பாரு."

"போறும்டி. கறுப்பா இருக்கோல்லியோ."

"நைனா, இங்க வந்து பாருங்க இவ போட்டத."

முனிரத்தினம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என் தாளைக் கையில் வாங்கினார். "கோதம்மா, இத படிக்கப்போறது மனுஷனா மெஷினா?"

"மெஷின்தான்னு சொல்றா."

"அப்ப இன்னும் மோசம்மா. மனுஷனாவது, இன்னாபா இது கட்டமா கறையான்னு கூப்ட்டு கேப்பான். மெஷின் இன்னாத்த கேக்கப்போவுது? அது பாட்டுக்கு வுட்டுட்டு போயிக்கினே இருக்கும்."

மெஷினோடு இருபது வருடம் பழகியவர் சொன்னது. நான் அதை என் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். பின்னாளில் செய்தி ஆசிரியர் மேசையில் உட்கார்ந்து, விஷயம் தெரிந்தவர் சொன்னார் என்பதற்காகவே எத்தனையோ வரிகளை அப்படியே விட்டிருக்கிறேன். அவற்றில் பல சரியாகவே இருந்தன. முனிரத்தினம் சொன்னதிலும் பிழை இல்லை. கடிகாரத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. கிராஃப் போடுவதற்குக் கடிகாரம் கிடையாது. கரை முடியும்போது முடியும்.

நான் அவர் சொன்னபடி செய்யவில்லை. சோம்பல்தான், வேறொன்றும் இல்லை.

ஐந்து நிமிடம்

தேர்வன்று விடியற்காலை முதல் பேருந்தில் கிளம்பினோம். இரண்டு பெண்களைத் தனியாக அனுப்ப வேண்டாம் என்று துணைக்கு வந்தவர் தயாளன். இதில் உள்ள விசித்திரம் மூன்று பேருக்கும் தெரியும். பூவிருந்தவல்லி தாண்டும்போது ஜமுனா கேட்டாள்:

"நான் நல்லா எழுதணும்னு வேண்டிக்கினு இருக்கியா, எழுதக்கூடாதுன்னா?"

"பஸ்ஸு நேரத்துக்கு போவணும்னு வேண்டிக்கினு இருக்கேன்" என்றார் தயாளன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மண்டபத்தில் ஒலிநாடாவுக்கு அவள் சிரமப்படவில்லை. அமெரிக்கர் குரல் மூக்கிலிருந்து வந்தாலும் நிதானமாக வந்தது. ஆனால் கேள்விக்கும் கேள்விக்கும் இடையே விட்ட இடைவெளிக்குள் அவளால் கட்டத்தை நிரப்ப முடியவில்லை. அடுத்த கேள்வி தொடங்கிவிடும். முதல் பிரிவிலேயே சில வரிகளை விட்டுவிட்டாள். இரண்டாம் பிரிவில், நான் தொடக்கத்தில் சொன்னபடி, பாதித் தாள். முடிந்த பிரிவுக்குத் திரும்பிப் போகக் கூடாது என்பது விதி.

மூன்றாம் பிரிவுக்கு முன் ஐந்து நிமிட இடைவேளை விட்டார்கள். தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாயருகே அவளைப் பிடித்தேன்.

"ஜமுனா, தெரியலையாடி உனக்கு?"

"தெரியுது. எல்லாம் தெரியுது. கேள்விய பாத்த உடனே தெரியுது. கைதான் போவல."

"ஒரு கோடு இழுத்தாப் போறும். நான் அப்படித்தான் போட்டிருக்கேன்."

அவள் குழாயை மூடினாள். கையை முந்தானையில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தது நினைவிருக்கிறது.

"நீ சொல்ற மாதிரி போட்டு மெஷின் எடுத்துக்கலைன்னா? மொத்தமும் போச்சு. ஒரே வாட்டிதான்னு சொல்லிட்டு வந்துக்கிறேன். நான் போட்டது கொஞ்சமா இருந்தாலும் நிச்சயம்டி."

என் தாளை மெஷின் எடுத்துக்கொள்ளுமா என்று எனக்கும் தெரியாது.

மூன்றாம் பிரிவில் அவள் வேகமாகத்தான் தொடங்கினாள். ஐந்தாறு கட்டங்கள் ஒரே இழுப்பில் போயின. பிறகு அவள் கை திரும்பிப் போயிற்று. முதல் கட்டத்தின் மூலைகளை நிரப்பியது, இரண்டாவதற்கு வந்தது. மேற்பார்வையாளர் அம்மாள், வெளிர்நீல கவுன் அணிந்தவர், நடந்து வந்தவர் அவளருகே நின்றார். இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமான விடைத்தாளைப் பார்த்ததில்லை என்று தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னார். ஜமுனா நன்றி சொல்லிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. தயாளன் மரத்தடியில் யாரோ ஒருவருடைய சைக்கிளின் செயினை மாட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"எப்டி?"

"பாதிதான் எழுதினேன்" என்றாள் ஜமுனா.

தயாளன் எதிர்க் கடைக்குப் போய் மூன்று பன்னீர் சோடா வாங்கி வந்தார். கிரீஸ் படாமல் பாட்டிலின் கழுத்தை இரண்டு விரலால் பிடித்து நீட்டினார்.

இரண்டு உறைகள்

கார்த்திகை மாதத்தில் உறைகள் வந்தன. எனக்கு வேண்டியதற்கு மேலேயே மதிப்பெண் இருந்தது. ஜமுனாவுக்குப் பல்கலைக்கழகம் கேட்டதைவிடப் பதினேழு குறைவு. எந்தக் கேள்வி சரி, எந்தக் கேள்வி தவறு என்று மதிப்பெண் அட்டையில் போடுவதில்லை. எனவே அவள் குறித்த விடைகள் அனைத்தும் சரி என்று நான் எழுத முடியாது. எழுத ஆசை உண்டு.

நான் போனபோது முனிரத்தினம் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரில் அரைகுறையாக நிரப்பிய கிராஃப் தாள்.

"கோதம்மா, நீ எப்டிமா போட்ட? போட்டுக் காட்டு."

செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு கட்டம் வரைந்து, உள்ளே ஒரு கோடு இழுத்துக் காட்டினேன்.

அதை வெகுநேரம் பார்த்தார். "இத மெஷின் எடுத்துக்கிச்சா?"

"எடுத்துண்டுடுத்து."

"எங்க மெஷின் எடுத்துக்காதும்மா" என்றார். எழுந்து உள்ளே போனார். கிராஃப் தாள் அங்கேயே கிடந்தது.

ஜமுனாவிடம் நான் கோபமாகவே பேசினேன். மாசியில் மறுபடியும் தேர்வு வருகிறது, எழுதினால் என்ன என்று கேட்டேன். அவள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "எழுதட்டுமே, நானா வேணாங்கறேன்? எங்கண்ணன் மூஞ்சிய யாரு பாக்கறது? ஒரு வருஷமா வாயத் தொறக்காம இருக்குது மனுஷன்."

"அம்மா, நீ இரு" என்றாள் ஜமுனா. "ஒரு வாட்டின்னு சொன்னது யாருடி? அம்மாவா, மாமாவா? நான்தான். யாரும் கேக்கறதுக்கு முன்னாடி நானே சொன்னேன். பதினேழு குறைஞ்சா ஒரு பேச்சு, ஏறினா ஒரு பேச்சா?"

தை மாதம் கல்யாணம் நடந்தது. நான் போயிருந்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னவென்று கேட்டதற்கு, புரோகிதர் பேசுவது பிரெஞ்சு மாதிரி இருக்கிறது என்றாள்.

நூலகப் படிப்புக்கு நான் போகவில்லை. அந்தப் பங்குனியில் சென்னை நாளிதழ் ஒன்றில் பிழை திருத்துபவளாகச் சேர்ந்தேன். தமையன் மூன்று மாதம் கடிதம் போடவில்லை.

சைக்கிளில் வந்தவர்

வேலைக்குச் சேர்வதற்குச் சில நாள் முன்பு, ஒரு காலை, தயாளன் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. என் அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அந்தப் பரீட்சைக்கு ஒரு பாரம் வேணும். உங்க அண்ணன் அனுப்பிச்சாரே, அந்த மாதிரி."

"யாருக்கு?" என்றேன்.

"எங்க வீட்லதான்."

"ஜமுனா கேட்டாளா?"

"அது கேக்குமா? வாக்குக் குடுத்துட்டேன்னு வாய தெச்சுக்கினு உக்காந்துக்கிது. வாக்கு எனக்குக் குடுத்ததுதானே? நான் எழுதச் சொல்றேன்." மோரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். "பாதி எழுதினதுக்கே அவ்ளோ மார்க்கு. முழுசா எழுதினா இன்னா ஆவுதுன்னு பாக்க வேணாவா?"

படிவத்துக்கு எழுதிப்போட்டேன். மாசித் தேர்வு போய்விட்டிருந்தது. வைகாசியில் இடம் கிடைத்தது. அதுவரை, கடையை மூடிய பிறகு சாப்பிடுவதற்கு முன், தயாளன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்காருவாராம். ஜமுனா ஒரு கட்டத்தில் கோடு இழுத்ததும் "வுடு!" என்று கத்துவார். விடாவிட்டால் பென்சிலைப் பிடுங்கிக்கொள்வார். பென்சிலைப் பிடுங்கியதில் ஒரு நாள் கண்ணாடி வளையல் இரண்டு உடைந்து, மாமியார் வந்து இருவரையும் திட்டினார் என்று அவள் சொன்னாள்.

வைகாசித் தேர்வுக்கு நான் போகவில்லை. அன்று எனக்கு வேலை. அவள் எல்லாப் பிரிவுகளிலும் எல்லாக் கேள்விகளுக்கும் விடை குறித்ததாகவும், கடைசிப் பிரிவில் நேரம் மிச்சம் இருந்ததாகவும், அந்த நேரத்தில் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்ததாகவும் கடிதம் எழுதியிருந்தாள்.

பல்கலைக்கழகத்துக்கு அவள் சார்பில் நான் தட்டச்சு செய்து அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வந்தது. அந்த வருடத்து உதவித்தொகையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மதிப்பெண் இருந்தால் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

மதிப்பெண் அட்டை ஆடி மாதத்தில் வந்தது. ஆடிக்குத் தாய்வீட்டில் இருந்த ஜமுனாவைப் பார்க்கப் பிள்ளையார்பாளையம் போயிருந்தேன். அட்டையை அவள் என் கையில் கொடுத்தாள். கேட்டதற்கு மேல் ஐம்பத்திரண்டு. அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அட்டையின் கீழே, சிறிய எழுத்தில், இந்த மதிப்பெண் தேர்வு நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும் என்று அச்சிட்டிருந்தது.